வெங்கரின் கடைசி வருடங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளி நாட்களிலிருந்து லண்டன் கால்பந்து அணியான அர்செனலின் ரசிகன் நான். அதன் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கரால்தான் அந்த அணியே பிடித்தது. ஆனால் கடைசி வருடங்களில் அவர் முகத்தைத் திரையில் பார்த்தாலே எரிச்சல் வந்தது. ‘வெங்கர் போகட்டும்’ என்று நானும் எழுதித் தள்ளினேன். ஆரம்பகால வெற்றிகள்கூட முன்பிருந்த பயிற்சியாளர் ஜார்ஜ் கிரகாம் உருவாக்கிய தடுப்பாட்டக்காரர்களால் வந்தவைதானோ என்று இப்போது தோன்றுகிறது. நாம் கொண்டாடிய அளவுக்கு அவர் பெரிய ஆளா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெரிய ஆள்தான். கடைசி வருடங்களின் கோபத்தை முதல் வருடங்களின் மேல் ஏற்றாதீர்கள்.

கிரகாமின் ஆட்களை வைத்து ஜெயித்தார் என்பது பாதிதான் உண்மை. 1996-இல் வெங்கர் வந்தபோது அந்த ஆட்களில் டோனி ஆடம்ஸுக்கு ஏறக்குறைய 30 வயது, லீ டிக்ஸனுக்கு 32. சாப்பாடு, உடற்பயிற்சி, ஓய்வு என்று எல்லாவற்றையும் அவர் மாற்றினார். இருவரும் 2002 வரை ஆடி, இங்கிலாந்து லீக் பட்டம், எஃப்.ஏ. கோப்பை (நாக்-அவுட் போட்டி) இரண்டையும் வென்ற கையோடு ஓய்வு பெற்றார்கள். அப்புறம் 2003-04. லீக்கின் 38 ஆட்டங்களில் ஒரு தோல்விகூட இல்லாத அந்த அணியின் வழக்கமான தடுப்பாட்ட நால்வரில் ஒருவர்கூடக் கிரகாமின் ஆள் கிடையாது. வலப்பக்கம் நின்ற லாரன் நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்.

2006-இல் பழைய ஹைபரி மைதானத்தை விட்டுப் புதிய எமிரேட்ஸ் மைதானத்துக்குப் போன பிறகு வந்த கோப்பை வறட்சியையும் நான் சரிவு என்று சொல்ல மாட்டேன். மைதானக் கடன் கழுத்தை நெரித்தது. நட்சத்திர வீரர்கள் ஒவ்வொருவராகக் கைவிட்டுப் போனார்கள்: ஆன்றி போனார், ஃபாப்ரெகாஸ் போனார், வான் பெர்சி போட்டி அணியான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே போனார். அப்படியும் ஒவ்வொரு வருடமும் ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் இடம்பிடித்தார்கள். அவர் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான் என்பேன்.

சரிவு தெரிந்தது கையில் காசு வந்த பிறகு. பெரும் விலை கொடுத்து ஜெர்மன் வீரர் ஓசிலை வாங்கிய 2013-14 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 6-3 எனத் தோல்வி. பிப்ரவரியில் லிவர்பூல் இருபது நிமிடத்துக்குள் நான்கு கோல் போட்டு 5-1 என முடித்தது. மார்ச்சில் செல்சியுடன் வெங்கரின் 1000-ஆவது ஆட்டம். பதினேழு நிமிடத்தில் செல்சி மூன்று கோல், கடைசியில் 6-0 எனத் தோல்வி. மூன்றிலும் ஒரே நோய். அணி மொத்தமாக முன்னேறிப் போகும், பந்து பறிபோனதும் பின்னால் மைதானம் திறந்து கிடக்கும். லிவர்பூலில் பட்ட அடிக்குப் பிறகும் செல்சிக்கு எதிராக அப்படியே இறங்கினார் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. அவர் கொண்டுவந்த உணவுமுறையையும் வெளிநாட்டு வீரர்களைத் தேடிப்பிடிக்கும் வித்தையையும் அதற்குள் எல்லா கிளப்பும் கற்றுக்கொண்டிருந்தது. எதிரணியை வரிக்கு வரி படித்துவிட்டு வரும் பயிற்சியாளர்களிடம் அவர் தன் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஆடினார்.

இதில் கிளப்புக்கும் பங்கு உண்டு. அவரைக் கொண்டுவரப் பாடுபட்டவரும், அவரிடம் எதிர்த்துப் பேசக்கூடியவருமான கிளப் துணைத்தலைவர் டேவிட் டீன் 2007-இல் வெளியேறினார். அதன்பின் ‘இது வேண்டாம் ஆர்சென்’ என்று சொல்லும் பலம் அங்கே யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. இருபது வருடம் ஒரே ஆளிடம் எல்லா முடிவையும் விட்டால் எப்பேர்ப்பட்டவரும் தேங்கிப்போவார்.

நீங்கள் அவரைப் போகச் சொன்னதில் தப்பில்லை. 2017-இல் சாம்பியன்ஸ் லீக்கில் பேயர்ன் மியூனிக்கிடம் இரண்டு ஆட்டங்களிலும் 5-1 என்று தோற்ற பிறகு நானும் அதையேதான் விரும்பினேன். ஆனால் அந்த வருட ஏப்ரலில் பழைய அமைப்பை விட்டுவிட்டு மூன்று தடுப்பாட்டக்காரர்களோடு இறங்கினார். அந்த சீசனில் அதுவரை ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்க அணியில் இடம்பெறாத தடுப்பாட்டக்காரர் மெர்ட்டசாக்கரை இறுதி ஆட்டத்தில் நிறுத்தி, லீக் சாம்பியனான செல்சியை 2-1 என வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினார். மாற முடிந்திருக்கிறது பாருங்கள்! அன்றைக்கே விடைபெற்றிருக்கலாம். நான்கு நாளில் இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம் அறிவித்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அந்தக் கையெழுத்தின் மேல்தான்.