ஊர்வீட்டைக் காலி பண்றோம், மொத்தமா ஒருத்தர்கிட்ட விட்டுடலாமா?

கேள்வி: திருவையாறு பக்கம் எங்க ஊர்வீடு. அப்பா முன்னாடியே போயிட்டார், அம்மாவும் போன வருஷம் தவறிட்டாங்க. அண்ணன் துபாய்ல, தம்பி சென்னைல, பக்கத்துல இருக்கிறது நான்தான். வீட்டை விக்கிறதா முடிவாயிடுச்சு. பழைய சாமான் வாங்குற ஒருத்தர் மொத்தமா ஒரு தொகை கொடுத்துட்டு தானே எல்லாத்தையும் காலி பண்ணித் தரேங்கிறார். விடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேணாம்மா. மொத்தமா பேசினா எதுக்கு என்ன விலை போச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, நாளைக்கு அண்ணன் தம்பி கேட்டா சொல்லவும் முடியாது. பித்தளை வெண்கலம் எடைக்கு எடுக்கிறவர் வேற, பழைய மரச்சாமான் வாங்குறவர் வேற, காயலாங்கடை வேற. தனித்தனியா கூப்பிடுங்க, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பேர்கிட்டயாவது விலை கேளுங்க, எடை போடுறப்போ நீங்களே நில்லுங்க. தேக்குத் தூண், நிலை, கதவுல மட்டும் யாரையும் கை வைக்க விடாதீங்க, அதெல்லாம் வீட்டோட சேர்ந்தது, கழட்டிட்டா வீட்டு விலையே இறங்கிடும்.

ஆனா எந்த வியாபாரியும் வாசப்படி ஏறுறதுக்கு முன்னாடி டிரங்குப் பெட்டி, பரண், பீரோ லாக்கர் எல்லாத்தையும் நீங்க ஒரு தடவை பார்த்துடணும். பத்திரம், பட்டா, வரி ரசீது, பாஸ்புக் எது எங்க கிடக்கும்னு சொல்லவே முடியாது, பழைய பேப்பரோட போயிடுச்சுன்னா திரும்ப வராது. ஓலைச்சுவடி இருந்தா தயவுசெஞ்சு எடைக்குப் போடாதீங்க, தஞ்சாவூர் சரஸ்வதி மகால்லயோ தமிழ்ப் பல்கலைக்கழகத்துலயோ காட்டுங்க. பூஜை ரூம்ல இருக்கிற உலோகச் சிலை 100 வருஷத்துக்கு மேல பழசுன்னா 1972 தொல்பொருள் சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும், வியாபாரிக்கும் அதை வாங்கி விக்க லைசென்ஸ் வேணும், அதனால அதை விக்கிற பேச்சுலயே கொண்டுவராதீங்க.

பொருளை எல்லாம் போட்டோ எடுத்து மூணு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க, யாருக்கு எது வேணும்னு அவங்க சொன்னப்புறம் மிச்சத்தை வில்லுங்க. வரவு செலவையும் அதுலயே எழுதுங்க. பக்கத்துல இருக்கீங்கங்கிறதுக்காக ஆள் கூலி, லாரி வாடகைன்னு எல்லாம் உங்க கையிலேருந்து போகக்கூடாது, அவங்களும் பங்கு அனுப்பணும். சொத்துலயும் உங்களுக்குச் சம பங்குதான், வாரிசு சான்றிதழ்ல உங்க பேரும் இருக்கணும், அதைக் கேட்க தயங்காதீங்க.

ஐப்பசி கார்த்திகை மழையில இதெல்லாம் வேணாம், தையில சம்பா அறுப்புக்கு ஆளெல்லாம் போயிடுவாங்க, பங்குனி சித்திரை தோது. கூலியை அன்னன்னைக்கு வேலை முடிஞ்சப்புறம் கொடுங்க, லாரிக்காரருக்கு முழுசா அட்வான்ஸ் தராதீங்க. சாமான் போனப்புறம்தான் சுத்தம் பண்ற ஆளு, அப்புறம் வெள்ளையடிக்க, கடைசியா புரோக்கர். அது முடியற வரைக்கும் கரண்ட் கனெக்‌ஷனை சரண்டர் பண்ணிடாதீங்க, மோட்டார் ஓடலைன்னா வீடு கழுவக்கூட தண்ணி இருக்காது.