நிலையான பதிப்புக்குள் சோதனை வசதி

கேள்வி: ஐயா, எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பழைய பதிவேடுகளையும் காவடித் திருவிழாப் படங்களையும் 4 டெராபைட் வட்டுகள் மூன்றில், பி.டி.ஆர்.எஃப்.எஸ். (Btrfs) கோப்பு முறையின், பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு 5 அமைப்பில் சேமித்திருக்கிறேன். கணினியில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான பதிப்புதான். “அந்த வசதி இன்னும் சோதனையில்தான் இருக்கிறது” என்று நண்பர் பயமுறுத்துகிறார். நிலையான பதிப்பில் அப்படி ஒன்றைச் சேர்ப்பார்களா?
- வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: சேர்த்திருக்கிறார்கள். நண்பர் சொன்னது சரி. ‘நிலையானது’ என்ற உறுதி மொத்தத் தொகுப்புக்குத்தான். அதிலுள்ள ஒவ்வொரு வசதிக்கும் அது பொருந்தாது. இந்த ரெய்டு 5, 2013-இல் லினக்ஸின் உட்கருவான கெர்னலின் 3.9 பதிப்பில் நுழைந்தது. முக்கியமான தரவுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அதன் ஆவணங்கள் இன்றும் சொல்கின்றன.

லோட் ஷெட்டிங்கோடு வாழ்ந்த நமக்கு இதன் ஆபத்து அதிகம். ரெய்டு 5-இல் தரவோடு ஒரு சரிபார்ப்புக் கணக்கும் எழுதப்படும். ஒரு வட்டு பழுதானால், அந்தக் கணக்கைக் கொண்டுதான் இழந்த தரவை மீட்க வேண்டும். தரவை எழுதி, கணக்கை எழுதுவதற்குள் மின்சாரம் போனால் இரண்டும் பொருந்தாமல் நின்றுவிடும். அன்றைக்கு எதுவும் தெரியாது. பின்னொரு நாள் வட்டு பழுதாகும்போதுதான் கோப்பு திரும்பி வராது.

இதைச் சாதாரணப் பயனர் எப்படி அறிவார்? என் ஆதங்கமே இதுதான். இப்போதெல்லாம் வட்டை அமைக்கும் கட்டளையில் ரெய்டு 5 என்று கேட்டால் எச்சரிக்கை வருகிறது, நல்ல மாற்றம். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் அமைத்தவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். குரோம் உலாவியின் சோதனை வசதிப் பக்கத்தைப் பாருங்கள்: உலாவித் தரவு அழியலாம், பாதுகாப்பு கெடலாம் என்று எதையும் தொடுவதற்கு முன்பே மேலே எழுதியிருக்கிறது. எதை இழக்க நேரும் என்று சொல்வதுதான் எச்சரிக்கை. ‘சோதனை வசதி’ என்ற வெறும் முத்திரை போதாது. லினக்ஸ் கெர்னலிலேயே அப்படி ஒரு முத்திரை இருந்தது. கணக்கில்லாத பகுதிகளில் அதைக் குத்தியதால் அதற்கு மதிப்பே இல்லாமல் போய், 2013 வாக்கில் எடுத்துவிட்டார்கள்.

உங்கள் வட்டுகளை இப்படியே விட வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் நகலெடுத்து, சங்கக் கட்டடத்துக்கு வெளியே ஒருவர் வீட்டில் வையுங்கள். நகல் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு, தரவை வட்டுகளில் மறுபடி பங்கிட்டு எழுதும் ‘பேலன்ஸ்’ கட்டளையால் தரவு, மேல்தரவு (கோப்புகளைப் பற்றிய விவரக் குறிப்புகள்) இரண்டையும், எதையும் இரண்டு வட்டுகளில் இரட்டையாக எழுதும் ரெய்டு 1-க்கு மாற்றுங்கள். வட்டுகளை அழிக்கத் தேவையில்லை. இடம் மட்டும் குறையும்: இப்போது சுமார் 8 டெராபைட் கொள்ளும் மூன்று வட்டுகள், ரெய்டு 1-இல் 6 டெராபைட்தான் கொள்ளும். அதற்கு மேல் சேர்ந்திருந்தால் அதே அளவில் நான்காவது வட்டு ஒன்றை வாங்கிச் சேர்த்துவிட்டு மாற்றத்தைத் தொடங்குங்கள்.