இரவு இரண்டு கிளாஸ், காலையில் எடுக்கும் முடிவுகள்

கேள்வி: நான் 44 வயதுப் பெண். பத்து வருடங்களாகச் சொந்தமாக நிறுவனம் நடத்துகிறேன். வேலையெல்லாம் முடிந்து இரவு பத்தரை மணிக்கு மேல் உட்கார்ந்தால் இரண்டு கிளாஸ் வைன். வாரத்தில் ஐந்து நாளாவது இப்படித்தான். வாடிக்கையாளர்களுடன் விருந்து என்றால் கொஞ்சம் கூடும். குடித்துவிட்டு ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனால் விடியற்காலை மூன்று, மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்போது மனம் முழுக்கச் சம்பளம், வரவேண்டிய பாக்கி, வரி என்று ஓடும். சில நாள் தூக்க மாத்திரையும் போட்டுக்கொள்கிறேன். குடியைக் குறைத்தால் என் தொழிலுக்கு நிஜமாகவே ஏதாவது பலன் உண்டா? விருந்துகளில் வேண்டாம் என்றால் வாடிக்கையாளர்கள் விலகிப்போக மாட்டார்களா?

பதில்: முதலில் மாத்திரை. குடித்த இரவில் தூக்க மாத்திரை போடாதீர்கள், அரை மாத்திரை கூட வேண்டாம். இரண்டும் மூளையை மந்தமாக்குபவை. சேர்ந்தால் மூச்சுவிடும் வேகமே குறைந்துபோகலாம். மாத்திரையைத் தினமும் போடுபவராக இருந்தால் அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் குடிப்பதையும் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை என்கிறீர்கள். என்னிடம் வருகிற தொழில் நடத்தும் பெண்கள் பெரும்பாலும் இதைத்தான் முதல் சாட்சியாகச் சொல்கிறார்கள். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிடலாம். உங்களுக்கு லீவு கொடுக்க யார் இருக்கிறார்கள்? எப்படியும் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். அதனால் குடியின் செலவு உங்கள் வருகைப் பதிவில் தெரியாது. காலையில் பேசவேண்டிய ஒரு கடினமான போன் மதியத்துக்குத் தள்ளிப்போவதில் தெரியும். ஊழியர் ஒருவர்மேல் தேவையில்லாமல் எரிந்து விழுவதில் தெரியும். மூன்று முறை படித்தும் மனதில் ஏறாத ஒப்பந்தத்தில் தெரியும். பலனையும் அங்கேதான் தேட வேண்டும்.

இப்போது கணக்கு. வீட்டில் நாமே ஊற்றிக்கொள்ளும் கிளாஸ் தாராளமாகவே இருக்கும். 200 மி.லி. என்று வைத்துக்கொண்டால் இரண்டு கிளாஸ் 400 மி.லி. 12 சதவீத வைன் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 38 கிராம். பல நாடுகளில் ஓர் அளவு என்று கணக்கிடுவது 10 கிராம்தான். ஆக, நீங்கள் இரண்டு என்று நினைப்பது கிட்டத்தட்ட நான்கு. ஐந்து நாளைக்கு 190 கிராம், விருந்துகள் தனி. பிரிட்டன் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்கிறது. அவர்களுடைய யூனிட் 8 கிராம் என்பதால் மொத்தம் 112 கிராம். 2023-ல் கனடாவில் வந்த வழிகாட்டுதல் இன்னும் கறார்: வாரத்துக்கு இரண்டு அளவுக்குள் இருந்தால்தான் ஆபத்து குறைவு. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம், உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றே சொல்லிவிட்டது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தொழில் நடத்துபவருக்கு உண்மையான எண் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் ஆல்கஹால் அதிகமாக ஏறும். பெண்ணின் உடலில் நீரின் விகிதம் குறைவு; ஆல்கஹால் கலந்து பரவ இடம் குறைவு. வயிற்றிலேயே கொஞ்சம் ஆல்கஹாலைச் சிதைத்துவிடும் நொதியும் பெண்களிடம் பொதுவாகக் குறைவாகவே வேலை செய்கிறது. கூட உட்கார்ந்திருக்கும் ஆண் தொழிலதிபருக்குச் சமமாகக் குடிப்பது எந்த விதத்திலும் சமம் இல்லை. கல்லீரல் பாதிப்பும் பெண்களுக்குக் குறைந்த அளவிலேயே, குறைந்த ஆண்டுகளிலேயே வருகிறது.

அடுத்து அந்த மூன்று மணி விழிப்பு. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கல்லீரல் மணிக்குச் சுமாராக 6 முதல் 8 கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். காபி குடித்தாலும் குளித்தாலும் அந்த வேகம் மாறாது. பத்தரைக்கு ஆரம்பித்தால் 38 கிராமும் தீர விடியற்காலை நான்கு மணி ஆகிவிடும். அதுவரை நடப்பது இது: மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை ஆல்கஹால் தூண்டிவிடுகிறது, கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டை அடக்குகிறது. அதனால்தான் படுத்தவுடன் தூக்கம் வருகிறது. மூளை சும்மா இருக்காது. எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆல்கஹால் குறையத் தொடங்கியதும் அந்த இழுப்பு மட்டும் மிஞ்சுகிறது. இதயம் படபடக்கும், வியர்க்கும், விழிப்பு வரும். கனவுகள் வரும் தூக்கம் இரவின் முதல் பாதியில் ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும். இரண்டாம் பாதி துண்டுதுண்டாகிவிடும்.

அந்த நேரத்தில் வருகிற கவலைக்கு விஷயம் தேட வேண்டியதில்லை. தொழில் நடத்துபவரிடம் எப்போதும் ஏதாவது ஒரு பாக்கி இருக்கும். "தொழில் டென்ஷன், அதனால்தான் தூக்கம் வரவில்லை, அதனால்தான் இரண்டு கிளாஸ்" என்று நீங்கள் வரிசைப்படுத்தியிருப்பீர்கள். அந்த டென்ஷனில் ஒரு பங்கை அந்த கிளாஸே உண்டாக்குகிறது என்பது குறைத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றங்களும் தொடங்கியிருக்கலாம். திடீர் வெப்பமும் இரவு வியர்வையும் உள்ள பலருக்கு, குடித்த இரவில் அவை கூடுகின்றன.

மறுநாள் காலை? ரத்தத்தில் ஆல்கஹால் பூஜ்யம் ஆன பிறகும் மூளை தெளிந்துவிடுவதில்லை. பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல், அதுவரை வந்த ஹேங்ஓவர் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நன்றாகக் குடித்த இரவுக்கு மறுநாள் கவனத்தை நிலைநிறுத்துவது, நினைவு, வண்டி ஓட்டும் திறமை எல்லாமே குறைந்திருந்தன. உங்கள் இரண்டு கிளாஸில் அவ்வளவு கடுமை இருக்காது. துண்டுபட்ட தூக்கத்தின் மந்தம் நிச்சயம் இருக்கும். பெரிய நிறுவனத்தில் ஒருவர் மந்தமாக இருந்தால் அவருக்கு மேலே, கீழே சரிபார்க்க ஆள் உண்டு. உங்கள் நிறுவனத்தில் கடைசிக் கையெழுத்து உங்களுடையது.

விருந்துக்கு வருவோம். 1990-ல் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், மது ஒருவித கிட்டப்பார்வையை உண்டாக்குகிறது என்று விளக்கினார்கள். கண்முன்னால் இருப்பது மட்டும் பெரிதாகத் தெரியும். தள்ளி இருப்பது மங்கிவிடும். பேரம் நடக்கிற மேசையில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். எதிரில் சிரித்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர் கண்முன்னால் இருக்கிறார். அவர் கேட்கிற கூடுதல் தள்ளுபடியும், 30 நாளை 90 நாளாக்கும் கடன் தவணையும் வலிக்கப்போவது மூன்று மாதம் கழித்து. இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு வாயிலிருந்து வருகிற "பார்த்துக்கலாம்" என்ற ஒரு வார்த்தையின் விலை, அந்த விருந்தின் பில்லைவிடப் பலமடங்கு இருக்கலாம். குடிக்காதவர் அந்த மேசையில் இழப்பதைவிட எடுத்துக்கொண்டு போவது அதிகம். யார் என்ன சொன்னார், எந்த எண்ணில் தயங்கினார் என்பதெல்லாம் மறுநாள் அவருக்கு நினைவிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆண் ஒருவர் விருந்தில் அளவு மீறினால் அது அன்றைய வேடிக்கையாக முடியும். பெண் முதலாளி ஒரு கிளாஸ் கூடக் குடித்தால் அது அவருடைய திறமையைப் பற்றிய பேச்சாக மாறுகிறது. நியாயமில்லைதான். ஆனாலும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய நிஜம்.

வாடிக்கையாளர் விலகிப்போவாரா? உங்கள் கிளாஸில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிற அளவுக்கு யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கப்படுவது காலியான கை. பத்து நிமிடம் முன்னதாகப் போய், சோடாவோ ஜூஸோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பரிமாறுபவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவரே நிரப்பிக்கொண்டிருப்பார். வற்புறுத்தினால், "இன்றைக்கு எனக்கு இது போதும்" என்ற ஒரு வரி போதும். காரணம் சொல்லாதீர்கள். மருந்து சாப்பிடுகிறேன், காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்று ஆரம்பித்தால், ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே ஒரு பதில் தயாராக இருக்கும். முடிந்த இடத்தில் இரவு விருந்தை மதிய உணவுக்கு மாற்றுங்கள். விருந்து கொடுப்பது நீங்கள் என்றால் மது இல்லாத பானங்களும் முதல் தட்டிலேயே வரட்டும். முதலாளிக்காகவே கிளாஸைத் தொடுகிற இளம் ஊழியர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. நீங்கள் சோடா எடுத்தால் அவர்களும் நிம்மதியாக எடுப்பார்கள்.

வீட்டுக் குடிதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்பது என் கணிப்பு. சொந்தத் தொழிலில் "இன்றைக்கு வேலை முடிந்தது" என்று சொல்ல ஆள் கிடையாது. கடைக்கு ஷட்டர் இறக்குவதுபோல, அந்த முதல் கிளாஸ்தான் உங்கள் நாளை மூடுகிறது. அதை வெறுமனே எடுத்துவிட்டால் பதினொன்றரைக்கு மறுபடி லேப்டாப்பைத் திறப்பீர்கள். மூடுவதற்கு வேறு ஒன்று வேண்டும்: நாளைய வேலையில் மூன்றைத் தாளில் எழுதி வைத்துவிட்டு ஒரு குளியல், அல்லது செருப்பை மாட்டிக்கொண்டு கால் மணி நேர நடை. எதுவானாலும் தினமும் அதே நேரத்தில் இருக்கட்டும். சாப்பாட்டை முன்னால் கொண்டுவாருங்கள். பசியோடு இருக்கும்போதுதான் கிளாஸ் அதிகம் இழுக்கும். குடிக்கிற நாளில் அளந்து ஊற்றுங்கள், 100 மி.லி. வாரத்தில் நான்கு நாள் குடியே இல்லை என்று முன்கூட்டியே தேதி குறித்துவிடுங்கள். வீட்டில் பாட்டில் இருப்பு வைக்காதீர்கள். மன உறுதியை நான் அதிகம் நம்புவதில்லை. இரவு பத்தரைக்கு யாரிடமும் அது பெரிதாக மிச்சம் இருக்காது.

முதல் சில இரவுகள் தூக்கம் மோசமாகக்கூட இருக்கலாம். இனிப்பு தேடும். பொறுத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கும் வரவு உண்டு. ஓரளவு அதிகமாகக் குடிப்பவர்கள் ஒரு மாதம் நிறுத்தியபோது ரத்த அழுத்தம், எடை, இன்சுலின் எதிர்ப்பு (உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை) மூன்றும் குறைந்ததாக லண்டனில் செய்த ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. மார்பகப் புற்றுநோயை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரிவதில்லை. 53 ஆய்வுகளைத் திரட்டி 2002-ல் வந்த கணக்குப்படி, தினமும் குடிக்கும் ஒவ்வொரு 10 கிராமுக்கும் இந்த ஆபத்து ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. நூற்றுக்கு ஏழு பேருக்கு வரும் என்று பொருளல்ல. உங்களுக்கு ஏற்கெனவே உள்ள ஆபத்து அந்த விகிதத்தில் உயரும்.

உங்களைக் குடிநோயாளி என்று நீங்கள் சொல்லிக்கொள்ளவில்லை. உங்கள் கடிதத்தை வைத்து நானும் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனாலும், எவ்வளவு அடிக்கடி, ஒரு நாளில் எவ்வளவு, ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை முறை என்று மூன்றே கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை மருத்துவர்கள் பயன்படுத்துகிறோம். பன்னிரண்டுக்கு மதிப்பெண். பெண்களுக்கு மூன்றைத் தொட்டாலே பேச வேண்டும் என்பது வழக்கம். நீங்கள் குறைந்தது ஐந்தில் நிற்கிறீர்கள். குடிக்காத காலையில் கை நடுங்கினாலோ, வியர்த்துக் குமட்டினாலோ, ஒரு வாய் குடித்தால்தான் சரியாகும் என்று தோன்றினாலோ, நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதையடுத்துக் குழப்பமும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தினால் ஆபத்து வெகுவாகக் குறையும். குடிக்கும் ஏக்கத்தைத் தணிக்க நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகளும் உண்டு, பலர் வேலைக்குப் போய்க்கொண்டே எடுத்துக்கொள்கிறார்கள்.

நான்கு வாரம் முயன்று பாருங்கள். எடையை விட்டுவிடுங்கள். எத்தனை மணிக்கு விழித்தீர்கள், அன்றைய கடினமான போனை எத்தனை மணிக்குப் பேசினீர்கள், முந்தைய இரவு சம்மதித்த எதையாவது காலையில் திருத்த வேண்டி வந்ததா என்று மூன்றை மட்டும் குறித்து வாருங்கள். நான்காவது வாரமும் மூன்று மணி விழிப்பு அப்படியே இருந்தால் அதற்கு மது மட்டும் காரணமாக இருக்காது. தைராய்டு, மாதவிடாய் மாற்றம், மனச்சோர்வு மூன்றையும் பரிசோதிக்க வேண்டும்; அந்தக் குறிப்புத் தாளையும் கையோடு கொண்டு போங்கள்.