‘கேட்டால் மச்சான் வண்டி என்று சொல்லுங்கள்’: ஓன் போர்டு காரில் தரங்கம்பாடி போகலாமா?

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறோம். மாமியார், பிள்ளைகள் உட்பட ஆறு பேர். தரங்கம்பாடியில் கடலை ஒட்டிய பழைய பங்களா பாணி ரிசார்ட்டில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். ஏஜென்ட் ஒருவர் ஏழு சீட் கார் ஒன்றை நாளுக்கு 2,500 ரூபாய் வாடகைக்குத் தருகிறார். டிரைவர் கிடையாது, என் கணவர்தான் ஓட்டுவார். வெள்ளை நம்பர் பிளேட், அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான ‘ஓன் போர்டு’ வண்டி. 2,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டோம். “போலீஸ் கேட்டால் மச்சான் வண்டி என்று சொல்லுங்கள், இன்சூரன்ஸ் லைவில்தான் இருக்கிறது” என்கிறார். வழியில் பாண்டிச்சேரி வருகிறது, காரைக்காலும் போக ஆசை. அங்கே பெர்மிட் கேட்பார்களா என்பதுதான் என் பயம். நாத்தனார் வீட்டுக்காரரிடம் கார் இருக்கிறது, ஆனால் கேட்கத் தயக்கம்.

பதில்: எல்லையைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட சொந்தக் கார் பாண்டிச்சேரிக்கோ காரைக்காலுக்கோ போய்வர எந்தப் பெர்மிட்டும் வேண்டாம். இன்னொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் பதிவை மாற்றும் பேச்சே வரும்.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. அந்தக் காரின் இன்சூரன்ஸ் பாலிசியை ஏஜென்டிடம் வாங்கி, ‘லிமிட்டேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்’ என்ற பகுதியைப் பாருங்கள். எந்தக் கம்பெனி பாலிசியாக இருந்தாலும் தனியார் காருக்கு அந்த வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்: வாடகைக்கு விடுவது தவிர்த்த உபயோகங்களுக்கே இந்தப் பாலிசி. பொடி எழுத்தில் இருக்கும். ஏஜென்ட் சொல்வது போல பாலிசி ‘லைவில்’ இருக்கலாம். ஆனால் நீங்கள் 2,500 ரூபாய் வாடகை கொடுத்து வண்டியை எடுத்த நிமிடமே, கம்பெனி கை விரிப்பதற்கான காரணம் தயாராகிவிடுகிறது.

விபத்து வழக்குகளை நடத்துகிறவன் என்பதால், இதன் பொருளை உங்கள் குடும்பத்தை வைத்தே சொல்கிறேன். சிதம்பரம் தாண்டி ஒருவர் மேல் வண்டி இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் பெரும்பாலும் சொல்லும். உரிமையாளர் அடுத்து யாரைத் தேடி வருவார்? உங்கள் கணவரை. காருக்குள் இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். வெளியே அடிபடுபவருக்கு மட்டுமான ‘தேர்டு பார்ட்டி’ பாலிசி என்றால் தனியார் காரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதில் பாதுகாப்பே கிடையாது. முழு பாலிசியில் உண்டு, ஆனால் வாடகை என்று தெரிந்தால் கம்பெனி அங்கேயும் சண்டைக்கு நிற்கும். ஓட்டுகிற உங்கள் கணவருக்கு? பாலிசியில் கட்டாயமாகச் சேர்க்கும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு மட்டும்தான்.

இப்போது அந்த ‘மச்சான்’ பொய். ஏஜென்டுகள் இதை ஏதோ தந்திரம் போலச் சொல்லித் தருகிறார்கள், எனக்குக் கோபம் வருவதே இதில்தான். சாவியைத் தரும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். நான் படித்துப் பார்த்த அப்படிப்பட்ட தாள்களில் சாரம் ஒன்றுதான்: ‘நண்பர் என்ற முறையில் சொந்த உபயோகத்துக்கு வாங்கிச் செல்கிறேன், வாடகை எதுவும் தரவில்லை, சேதத்துக்கும் வழக்குக்கும் நானே முழுப் பொறுப்பு.’ தேதி எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். ஜிபேயில் பணம் போடும்போது ‘கை மாத்து’ என்று குறிப்பு எழுதச் சொல்வார்கள். இதெல்லாம் உங்களைக் காப்பாற்ற என்று நினைக்காதீர்கள். பிரச்சினை வந்தால் அந்தத் தாள் அவர் கையில், பொய் உங்கள் வாயில். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் விசாரணை ஆள் உங்கள் வாட்ஸ்அப்பையும் பணம் போன வழியையும் கேட்பார். “மச்சான் பெயர் என்ன?” என்ற கேள்வியிலேயே பல கதைகள் நின்றுவிடும்.

அபராதமும் உரிமையாளரோடு நின்றுவிடாது. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடும் வண்டியை ஓட்டுபவரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவுக்குள் வருகிறார். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. 207வது பிரிவில் வண்டியை அங்கேயே பிடித்து வைக்கலாம். ரிசார்ட் முன்பதிவைக் கையில் வைத்துக்கொண்டு மாமியாரோடும் பெட்டிகளோடும் கடலூர் ரோட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் இத்தனை ஓன் போர்டு வண்டிகள் எப்படி ஓடுகின்றன என்று கேட்பீர்கள். டாக்ஸி ஓட்டுநர்கள் போராட்டம் நடத்தினால் நான்கு நாள் சோதனை, அப்புறம் அமைதி. இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. டிரைவர் இல்லாமல் காரை வாடகைக்கு விட உரிமம் தருவது 1989ஆம் ஆண்டின் ‘ரென்ட் எ கேப்’ திட்டம். அதன்படி குறைந்தது 50 வண்டிகள் வைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு காரை நேர்மையாக வாடகைக்கு விட நினைக்கும் மனிதர் என்ன செய்வார்? விதியை எழுதியவர்கள் அதைத் திருத்தவும் இல்லை, ஒழுங்காக அமல்படுத்தவும் இல்லை. நடுவில் ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள், பயணிகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

சட்டப்படியான செல்ஃப் டிரைவ் காரை ஒரு பார்வையில் அடையாளம் காணலாம். கருப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. மஞ்சள் பிளேட்டில் கருப்பு எழுத்து என்றால் டிரைவரோடு வரும் டாக்ஸி. ஆப்பில் பார்த்துப் பதிவு செய்தாலும் வண்டி கைக்கு வரும்போது பிளேட்டைப் பாருங்கள். வெள்ளை என்றால் திருப்பி அனுப்புங்கள். அரசின் எம்பரிவாஹன் செயலியில் எண்ணைப் போட்டால் வண்டியின் வகையும் இன்சூரன்ஸ் தேதியும் தெரியும். கருப்பு போர்டு ஓட்ட, வாடகை வண்டி ஓட்டுநருக்கான பேட்ஜ் வேண்டுமோ என்ற சந்தேகமும் வேண்டாம். சாதாரண கார் ஓட்டும் எல்எம்வி (இலகுரக வாகன) உரிமம் இருந்தால் 7,500 கிலோவுக்குக் குறைவான வாடகை வாகனங்களையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

சரி, நாத்தனார் வீட்டுக்காரரின் கார். தயங்காமல் கேளுங்கள் என்பதே என் யோசனை, ஏனென்றால் இது உண்மையான இரவல். இரவல் என்பது சட்டத்துக்கு எதிரானதல்ல. இன்சூரன்ஸ் வண்டியோடு போவது. உரிமையாளர் சம்மதித்து, ஓட்டுபவருக்குச் செல்லுபடியாகும் உரிமம் இருந்தால், வெளியே அடிபடுபவருக்கும், முழு பாலிசியாக இருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு அப்படியே இருக்கும். நீங்கள் பெட்ரோல் போடலாம், சுங்கம் கட்டலாம், திருப்பிக் கொடுக்கும்போது கழுவிக் கொடுக்கலாம், பஞ்சர் ஆனால் ஒட்டிக் கொடுக்கலாம். இதில் எதுவும் வாடகை ஆகாது. ஊரிலிருந்து அவர் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கி வந்தாலும் வாடகை ஆகாது. ‘சும்மா வாங்குவது நன்றாக இருக்காது, நாளுக்கு ஆயிரம் கொடுத்துவிடுவோம்’ என்று மட்டும் நினைக்காதீர்கள். நாள் கணக்கில் பணம் கைமாறினால் சொந்தக்காரர் வண்டியும் வாடகை வண்டிதான். அவர் வற்புறுத்திக் கேட்கப் போவதில்லை, நீங்களும் கௌரவம் பார்த்துக் கொடுத்துவிடாதீர்கள். ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வண்டி உங்களிடம் இருக்கட்டும்’ என்று அவரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வாங்கிக்கொள்ளுங்கள், போதும். முழு பாலிசிதானா என்றும் கேளுங்கள். ஒரே குறை, ஓட்டுகிற உங்கள் கணவருக்குத்தான். இரவல் வண்டி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அதனால் தன் தவறால் ஏற்பட்ட விபத்துக்கு அதே வண்டியின் இன்சூரன்ஸில் அவர் இழப்பீடு கேட்க முடியாது. அவர் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது.

ஆறு பேருக்கு அந்தக் கார் போதாது என்றால், டிரைவரோடு மஞ்சள் போர்டு டாக்ஸி எடுங்கள். தரங்கம்பாடி 250 கிலோமீட்டருக்கு மேல். பிள்ளைகளோடு அவ்வளவு தூரம் போய் இறங்கியதும், டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டையைப் பார்க்க உங்கள் கணவருக்குத் தெம்பு மிச்சமிருக்கும்.

ஏஜென்ட் அடுத்து ‘காரும் அறையும் சேர்த்து பேக்கேஜாகப் போட்டுத் தருகிறேன்’ என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கார் வாடகையை அறைக் கட்டணத்துக்குள் ஒளித்து வைக்கும் வேலை அது. அறைக்கு ரிசார்ட்டிலேயே நேரடியாகப் பணம் கட்டி, அவர்கள் பெயரில் பில் வாங்குங்கள். நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18.

காரைக்கால் போய்த் திரும்பும்போது யாருக்காகவும் மதுப்பாட்டில் ஏற்றாதீர்கள். நண்டலாறு சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். பிடித்தால் வண்டியும் போகும். நாத்தனார் வீட்டுக்காரருக்கு அதற்குப் பதில் சொல்ல முடியாது.

கொடுத்த 2,000 ரூபாயை இன்றே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். வண்டி வாடகைக்கு அனுமதி பெற்றதல்ல என்பதால் வேண்டாம் என்று காரணத்தையும் அதில் எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்தாலே பல ஏஜென்டுகள் பேசாமல் பணத்தைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். போடாவிட்டாலும், அந்தப் பணத்துக்காக அந்த வண்டியில் ஏறாதீர்கள்.