மகனுக்கு மானெக்‌ஷா என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். ஆபரேஷன் சிந்தூர் நடந்த வாரத்தில், மே 2025இல், எங்கள் மகன் பிறந்தான். மாமனார் எம்.இ.ஜி. எனப்படும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற ராணுவப் படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1971 போரில் ராணுவத் தளபதியாக இருந்த சாம் மானெக்‌ஷாவின் நினைவாக, பேரனுக்கு மானெக்‌ஷா என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. இந்தப் பெயருக்குச் சட்டத் தடை ஏதும் உண்டா? வைத்த பிறகு சரிப்படாவிட்டால் மாற்றலாமா?

பதில்: தடை இல்லை. ஆனால் ஏற்றிய பெயரை மாற்றுவது லேசான வேலை இல்லை. அதனால் ஏற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் யோசித்துவிடுங்கள்.

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட பெயர்கள் என்று எந்தப் பட்டியலும் கிடையாது. தலைவர்கள் பெயரைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்கிற 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சிலர் குறிப்பிடுவார்கள். அது வணிகம், தொழில், டிரேட்மார்க் சம்பந்தப்பட்டது. குழந்தைக்குப் பெயர் வைப்பதை அது தொடவில்லை. பதவியை மட்டும் பெயரோடு சேர்க்க வேண்டாம். பஞ்சாபில் ஜர்னைல் (ஜெனரல்), கர்னைல் (கர்னல்), மேஜர் என்ற பெயர்கள் சகஜம். நம் பக்கம் ‘மேஜர்’ என்று விண்ணப்பத்தில் எழுதினால் பையன் ஆயுள் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பான்.

பெயரில்லாமல் பதிவான பிறப்புக்கு, பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் தாமதக் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். கணக்கு பிறந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. சான்றிதழில் பதிவு தேதி என்று தனியாக ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். அது மே 21, 2025 என்றால் மே 20, 2026 வரை அவகாசம். அதற்குப் பிறகும் 15 ஆண்டுகள் வரை கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். பெயரில்லாத சான்றிதழ், பதிவு எண், பெற்றோர் இருவரின் ஆதார், இருவரும் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் தாய்வீட்டில், வேலூரிலோ தருமபுரியிலோ நடந்திருந்தால் பெங்களூரு அலுவலகத்துக்கு அலைந்து பயனில்லை. பிறந்த ஊரின் பதிவாளரிடம்தான் பதிவேடு இருக்கும்.

இனி மாற்றும் விஷயம். சட்டத்தின் 15ஆம் பிரிவு தவறான பதிவைத் திருத்தத்தான் இடம் தருகிறது. நீங்களே சொல்லி எழுதவைத்த பெயர் தவறான பதிவு ஆகாது. நோட்டரி பிரமாணம், பத்திரிகை விளம்பரம், அரசிதழ் அறிவிப்பு எல்லாம் முடித்து வந்தாலும் பதிவாளர் மறுப்பது இதனால்தான். கர்நாடக உயர் நீதிமன்றம் அண்மையில் ஒரு வழி காட்டியிருக்கிறது: பெற்றோர் பிரமாணத்துடன் கேட்டால், சரிபார்த்துப் புதுப் பெயரைக் குறிக்கலாம், ஆனால் பழைய பெயரும் குறிப்பாகப் பதிவேட்டில் நிற்கும். அக்டோபர் 1, 2023க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்பதால் அந்தக் குறிப்பு கூடவே வரும். பழைய பெயர் ஒட்டிக்கொண்டே வருவதற்கு ஓர் உதாரணம்: பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனன் பிறந்தது அக்டோபர் 1940, லிவர்பூலில். அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு மரியாதையாக வின்ஸ்டன் என்ற நடுப்பெயர் வைத்தார்கள். 1969இல் அதற்குப் பதிலாக மனைவி யோகோ ஓனோவின் பெயரான ஓனோ என்று மாற்ற முயன்றார். ஓனோ சேர்ந்தது, ஆவணங்களில் வின்ஸ்டன் போகவில்லை.

போர்க்காலப் பெயர்களில் எது நிலைக்கும் என்பதற்கு ஓரளவு தெளிவான அடையாளம் உண்டு. போருக்கு முன்பே புழக்கத்தில் இருந்த பெயர் நிலைக்கும். 2019இல் அபிநந்தன் என்று பெயர் பெற்ற பிள்ளைகளை இன்று யாரும் காரணம் கேட்பதில்லை. சம்பவத்தின் பெயரையே வைத்தால் அது பிறந்த தேதியை நெற்றியில் எழுதியது போலத்தான். முதல் உலகப் போரில், பிரான்சில் பெரும் சண்டை நடந்த ஊரான வெர்டனின் பெயர் இங்கிலாந்தில் வைக்கப்பட்ட குழந்தைகளும், 2025 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் சிந்தூர் என்று பெயரிடப்பட்ட 17 பெண் குழந்தைகளும் இந்த வகை. அடுத்து, உயிரோடு இருக்கும் தலைவரின் பெயர். கொசோவோவில் 1999 போருக்குப் பின் அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரின் முழுப் பெயரையும் ஒரே சொல்லாக்கி ‘டோனிப்ளேர்’ என்று வைத்தார்கள். 2003 இராக் போருக்குப் பின் அதே பெயரை உலகின் பல ஊர்களில் உற்சாகமாகச் சொல்ல முடியாது. மானெக்‌ஷா அந்த ஆபத்தில் இல்லை. 1971 போரின் தளபதி, 2008இல் நீலகிரியின் வெலிங்டனில் காலமானவர். வரலாறு அவரைப் பற்றித் தீர்ப்பு சொல்லிவிட்டது. இந்த விஷயத்தில் மாமனாரின் தேர்வு நல்லது.

சிக்கல் வேறு இடத்தில். மானெக்‌ஷா பார்சிக் குடும்பப் பெயர். அதைக் கடைசியில் எழுதினால் பாஸ்போர்ட்டில் பையனின் குடும்பப் பெயர் ஆகிவிடும், அப்பாவின் பெயரோடு பொருந்தாது. அதை மட்டுமே ஒற்றைப் பெயராக விட்டால் விசா விண்ணப்பத்தில் இடிக்கும். அதனால் நடுவில் வையுங்கள்: ‘இனியன் மானெக்‌ஷா முருகேசன்’ என்பது போல. முதலில் கூப்பிடும் பெயர், கடைசியில் அப்பா பெயர் முழுதாக. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் ‘எம்.’ என்று விட வேண்டாம். ‘சாம்’ என்று மட்டும் வைக்கலாமே என்றால், வைக்கலாம்; சாமுவேலின் சுருக்கமா என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

கர்நாடகச் சான்றிதழ் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். முதல் பெயருக்கு எழில், யாழன் என்று தேர்ந்தால் இன்றைய கன்னடத்தில் ழகரம் இல்லை, ளகரமாகத்தான் ஏறும். மானெக்‌ஷாவின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசியில் ஒரு டபிள்யூ உண்டு; தட்டச்சு செய்பவர் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார். இரண்டு மொழியிலும் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கடிதத்தோடு இணையுங்கள். உறுதிசெய்யும் முன் திரையில் காட்டச் சொல்லி நீங்களே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஆதாருக்கு விண்ணப்பிப்பது அதற்கு அப்புறம்.