பிறஷர் குளிசையும் பால் தேத்தண்ணியும்

கேள்வி: அம்மாவுக்கு கிளினிக்கில் அம்லோடிபின் தந்திருக்கினம். கல்சியத்தைத் தடுக்கிற மருந்தாம். எலும்பு பழுதாகாதோ? பாலை நிப்பாட்டவோ?
— ஒரு மகள், புதுக்குடியிருப்பு

பதில்: பிள்ளை, பாலை நிப்பாட்ட வேண்டாம். என்ர தாயாரும் இதே குளிசையைப் போட்டுக்கொண்டுதான் காலமை பால் தேத்தண்ணி குடிச்சவ.

இரணைமடுக் குளத்தை நினையுங்கோ. அணைக்கு ஒரு பக்கம் தண்ணி முட்டி நிற்கும், மற்றப் பக்கம் வாய்க்கால் காய்ஞ்சு கிடக்கும். இரத்தக்குழாய்ச் சுவரின் தசைக்கலமும் அப்படித்தான். வெளியில் உள்ள கல்சியம், ஓய்வாக இருக்கும் கலத்துக்குள் உள்ளதைவிடச் சுமார் 10,000 மடங்கு. நரம்பு நுனி விடும் நொரட்ரனலின் என்ற தூதுப்பொருள் வந்து, சேதி வாங்கும் கலத்தின் ஏற்பியைத் தொட்டால், உள்ளே ஒரு சிறு தூது மூலக்கூறு உருவாகிக் கலத்துக்குள் சேமித்த கல்சியத்தை அவிழ்த்துவிடும். கலத்தின் வெளிச்சுவரில் கல்சியம் நுழையும் துருசுகளும் திறக்கும். வந்த கல்சியம் கல்மொடுலின் என்ற புரதத்தைப் பிடிக்க, தசை சுருங்கும், குழாய் ஒடுங்கும், பிறஷர் ஏறும்.

தளர்த்தவும் ஒரு தூதன் உண்டு: குழாயின் உட்படையே விடும் நைத்திரிக் ஒட்சைட்டு. ஒரு வாயு இப்படிச் சேதி சொல்லும் என்பதை என்னால் இன்றும் வியக்காமல் இருக்க முடியாது. அதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

அம்லோடிபின் அந்தத் துருசுகளைத்தான் அரைவாசி சாத்துகிறது. எலும்பிலுள்ள கல்சியத்தை அது எடுப்பதில்லை.

அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கினால் குளிசையைத் தானாக விடவேண்டாம், அடுத்த கிளினிக்குக்குக் காத்திராமல் டொக்டரிட்டைக் காட்டுங்கோ.