தொழுநோய்க் குளிசை முடிந்த பிறகு இதயத்தை யார் பார்ப்பது? – கேள்வி பதில்

(மட்டக்களப்பில் தோல் கிளினிக்கில் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டர்தான்.)

களுவாஞ்சிக்குடி: மிஸ்ஸி, அப்பாவுக்கு 61 வயது. 12 மாதக் குளிசை முடித்துவிட்டார். இப்போது பிரஷர் கூடியிருக்கிறது. கிருமி இதயத்துக்கும் போய்விட்டதா?

இல்லை மகள். அந்தக் கிருமிக்குக் குளிர்ந்த இடங்கள்தான் பிடிக்கும்: தோல், காது மடல், மூக்கு, கை கால் நரம்பு. இதயத்துக்கு ஆபத்து வேறு வழியாக வருகிறது. இடையில் நரம்பு வீங்கி, தழும்பு சிவந்து ரியக்‌ஷன் (கிருமிக்கு எதிராக உடம்பே காட்டும் எதிர்ப்பு) வந்ததா? அதற்கு மாதக்கணக்கில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை குடித்தவருக்குச் சீனி ஏறும், பிரஷர் ஏறும், உடம்பும் வைக்கும். காலில் புண் வந்து வீட்டோடு இருந்தால் நடையும் நின்றுபோகும். அப்புறம் 61 வயது, பீடி, பரம்பரை என்று எல்லோருக்கும் உள்ளவை அவருக்கும் உண்டு. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஆரம்ப வருடங்களில் நானும் பாதத்தை மட்டும் கவனமாகப் பார்த்து அனுப்பியிருக்கிறேன், பிரஷர் பார்க்க நினைவே வராது.

காத்தான்குடி: அப்படியென்றால் பிரெட்னிசொலோனை நிப்பாட்டிவிடவா?

வேண்டவே வேண்டாம் தம்பி. சட்டென்று விட்டால் நரம்பு நிரந்தரமாகச் செத்துவிடலாம், ஆளும் மயங்கி விழலாம். படிப்படியாகத்தான் குறைப்பார்கள். கிளினிக் போகும் ஒவ்வொரு முறையும் சீனியும் பிரஷரும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அக்கரைப்பற்று: குளிசை தொடங்கி மூன்று கிழமை. படியேறினால் மூச்சு வாங்குகிறது.

உடனே போய் இரத்தம் சோதியுங்கள். தொழுநோய்க் குளிசைகளில் ஒன்றான டெப்சோன் சிலருக்குச் சிவப்பணுக்களை உடைக்கும். இரத்தம் குறைந்தால் இதயம் இரட்டிப்பாக உழைக்க வேண்டிவரும். உதடு நீலமானாலோ, நெஞ்சு இறுக்கினாலோ காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

கல்லடி: பாதப் புண்ணுக்கு நடக்காதே என்கிறார் ஒரு டொக்டர். இதயத்துக்கு நட என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேரும் சரி, ஐயா. ஆனால் ஒருவருக்கு மற்றவர் சொன்னது தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். புண் ஆறும்வரை கதிரையில் இருந்தபடி கையை வேகமாக வீசுங்கள், தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குங்கள். மூச்சுக் கொஞ்சம் வாங்கினால் போதும். ஆறிய பிறகு கிளினிக்கில் சொல்லும் மெத்தென்ற றப்பர் செருப்போடு சிறு தூரம் நடந்து, வந்தவுடன் பாதத்தைப் பாருங்கள். உங்கள் ஊர்க் கடற்கரை மணலில் மட்டும் வெறுங்காலோடு வேண்டாம்: மரத்த பாதத்துக்குச் சுடுவது கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைப்பது எந்தக் காலுக்கும் வலிக்காது!

கல்முனை: இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குடிக்கிறேன்.

தொழுநோய்க்கு மாதாந்தம் தரும் ரிபாம்பிசின் குளிசை அதன் வேலையைக் குறைக்கலாம். இரண்டு கிளினிக்குக்கும் சொல்லிவிடுங்கள்.

ஏறாவூர்: உம்மா பிரஷர் கிளினிக்குக்குப் போக மறுக்கிறார். பழைய நோய் தெரிந்தால் மாந்தீவுத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

அந்தப் பயம் எனக்குப் புதிதில்லை. அந்தத் தீவு ஆஸ்பத்திரியை நினைத்தே நோயை மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்று வீட்டில் இருந்தே குளிசை எடுக்கிறார்கள். குளிசை தொடங்கியதும் தொற்றும் சீக்கிரம் போய்விடும். முடித்தவரிடமிருந்து யாருக்கும் வராது. முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். பழைய கிளினிக் கொப்பியை வீட்டில் ஒளித்துவைக்காமல் கொண்டுபோங்கள்: எத்தனை மாதம் பிரெட்னிசொலோன் குடித்தார் என்ற கணக்கு அதில்தான் இருக்கும்.